அனிஸ்ரனின் பெயரில் இரண்டு வழக்குகள்

யேசு மரி சூசை
அளம்பில், முல்லைத்தீவு
9 பெப்ரவரி 2025

நிறஞ்சனாவுக்கு,

இது சுகம் விசாரிக்கும் கடிதம் இல்லை. எங்கள் சுகத்தை அறிய உமக்கு வேறு வழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீர் யூலிற்றாவோடு தொலைபேசியில் கதைப்பது எனக்குத் தெரியாது என்று மாமியும் மருமகளும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஷெல் விழுந்த பிறகு எனக்குக் காதுதான் மந்தம். கண் நன்றாகத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை நீதிமன்றத்திலிருந்து ஓர் உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நான் கடற்கரை வாடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். “லோறன்ஸ் அனிஸ்ரன் எண்டவர் நிக்கிறாரோ?” என்று கேட்டார். என் மகன் காணாமற்போய்ப் பதினாறாவது வருடம் நடக்கிறது. இவ்வளவு காலத்தில் அரசாங்கக் கடதாசியோடு அவனைத் தேடி வந்த முதல் ஆள் இவர்தான். தேடித் திரிந்ததெல்லாம் நானும் யூலிற்றாவும். நிற்கவில்லை என்றேன். அப்படியென்றால் தகப்பனிடம் கொடுக்கலாம் என்று கட்டளை இருக்கிறது என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கடதாசிக் கட்டைத் தந்துவிட்டுப் போனார்.

நான் ஐந்தாம் வகுப்போடு கரைவலை இழுக்கப் போனவன். ஆனாலும் அகராதியை வைத்துக்கொண்டு முழுவதையும் வாசித்தேன். நீர் ரொறொன்ரோ நீதிமன்றத்தில் என் மகன்மேல் விவாகரத்து வழக்குப் போட்டிருக்கிறீர். காரணம், ஒரு வருடத்துக்கு மேலாகப் பிரிந்து வாழ்வதாம்.

எப்போது பிரிந்தீர்கள்? சண்டை பிடித்தா பிரிந்தீர்கள்? யுத்தம் முடிந்து வட்டுவாகல் பாலம் தாண்டியபின் ஆமிக்காரர் ஆண்களை வேறு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். அவன் போய் நின்றான். உம்முடைய உடுப்புப் பையையும் அவன்தான் தூக்கிக்கொண்டு நின்றான். அதற்கு உம்முடைய சட்டத்தரணி ஆங்கிலத்தில் வைத்த பெயர் பிரிந்து வாழ்தல்.

நீர் வட்டக்கச்சியில் சைவப் பிள்ளையாகப் பிறந்து, ஞானஸ்நானம் பெற்று, எங்கள் கோவிலில் கை பிடித்தவர். சாவு பிரிக்கும் வரை என்று சுவாமிக்கு முன்னால் சொன்னீர். சாவு எங்கே? காட்டும்.

அந்த வழக்கை நிறுத்தும். நிறுத்தாவிட்டால் முல்லைத்தீவிலும் நீதிமன்றம் இருக்கிறது. பதிலைக் கடிதத்தில் எழுதும். தொலைபேசியில் சொன்னால் யூலிற்றா கேட்டுச் சொல்லும்போது பாதியை விழுங்கிவிடுவாள்.

ம. லோறன்ஸ்


ஸ்காபரோ, ரொறொன்ரோ
8 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் என்னை நீர் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வீட்டில் இருந்த காலத்தில் பிள்ளை என்றுதான் கூப்பிட்டீர்கள். கோபம் எவ்வளவு என்று அதிலேயே விளங்கிவிட்டது.

மாமிக்கு நான் கார்த்திகையிலேயே சொன்னேன். உங்களுக்குப் பக்குவமாகச் சொல்கிறேன் என்றா. விழுங்கியது பாதியில்லை, முழுவதையும்தான். அவாவை ஏசாதீர்கள். என் சட்டத்தரணி கடதாசிகளை அனுப்பும் முன் உங்களுக்கு நானே எழுதியிருக்க வேண்டும். எத்தனையோ தடவை தொடங்கி விட்டுவிட்டேன்.

நான் கல்யாணம் முடிக்க இருப்பவரின் பெயர் பிரதாபன். மல்லாவி ஆள், இங்கே பஸ் ஓட்டுகிறார். நான் முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வரும் பாதையில் பல வருடமாக அவருடைய பஸ்சில்தான் வருகிறேன். அனிஸ்ரனைப் பற்றி முதலில் கேட்டவரும் அவர்தான். என் தொலைபேசி முகப்பில் இருக்கும் படத்தைப் பார்த்து யார் என்று கேட்டார். சொன்னேன். அந்தப் படத்தை எடுக்கச் சொல்லி அவர் இன்றுவரை கேட்டதில்லை.

பிரிந்து வாழ்தல் என்பது இங்கத்தைய படிவத்தில் இருக்கும் சொல். நாங்கள் எப்படிப் பிரிந்தோம் என்று எழுத அதில் இடம் இல்லை. அவர் என்னை விட்டுப் போனார் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. உடுப்புப் பை எனக்கும் நினைவிருக்கிறது, மாமா.

எனக்கு முப்பத்தொன்பது வயது. இதில் இரண்டு வருடம் மனைவியாக இருந்தேன். மிச்சத்தை என்ன பெயரால் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நான் உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. உங்களுக்குத் தெரியாமல் செய்யவும் விரும்பவில்லை.

நிறஞ்சனா


யே. ம. சூ.
அளம்பில்
27 ஏப்ரல் 2025

நிறஞ்சனாவுக்கு,

உயிர்த்த ஞாயிறு கழியட்டும் என்று பொறுத்திருந்தேன். இப்போது அறியத் தருகிறேன்.

முல்லைத்தீவு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்திருக்கிறேன். காணாமற்போனவர் என்ற சான்றிதழை மகனுக்காக எடுத்து வைத்திருப்பவன் நான். ஆகவே அவனுடைய உரிமைகளைக் காக்க வழக்காளியாக நிற்கலாம். இந்த வழக்கு முடியும்வரை எதிராளியாகிய நீர் ரொறொன்ரோ வழக்கை மேற்கொண்டு நடத்தக் கூடாது என்று இடைக்காலத் தடையுத்தரவு கேட்டேன். தந்திருக்கிறார்கள். பிரதி இத்துடன் இருக்கிறது.

இது இலகுவில் கிடைத்ததில்லை. சட்டத்தரணி சுமித்திரா முதலில் மாட்டேன் என்றா. வெளிநாட்டு வழக்கை இங்கிருந்து மறிப்பது பெரிய கொழும்பு விஷயம், எங்களுக்குத் தோதில்லை என்றா. நான் அவாவின் கந்தோருக்குப் போய், வெளியே ஆட்கள் இருக்கும் மர வாங்கில் இருந்துகொண்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை. பிறகு அவாவே வெளியே வந்து, “ஐயா, இது நிக்காது எண்டு எனக்குத் தெரியும். ஆனா நீங்கள் இந்த வாங்கை விட்டு எழும்ப மாட்டியள் எண்டும் தெரியும்” என்றா. அடுத்த நாள் சத்தியக் கடதாசி எழுதினோம்.

என் நியாயம் இதுதான். ஒரு பாட்டில், அதாவது வலை வளைக்க ஒருவனுக்கு உரித்தான கரைத் துண்டில், வேறொருவன் வந்து குறுக்கே வளைக்க முடியாது. இந்தக் கல்யாணம் எழுதப்பட்டது இங்கே. அவன் காணாமற்போனதும் இங்கே. இதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் பாடு முல்லைத்தீவு நீதிமன்றத்தினுடையது. ரொறொன்ரோ குறுக்கே வளைக்கிறது. உம்முடைய வழக்குத்தான் முந்தியது என்று சொல்ல வருவீர். முந்தி வளைத்தாலும் களவாய் வளைத்தது களவாய் வளைத்ததுதான்.

உத்தரவை உம்முடைய நீதிபதிக்குக் காட்டும். ஒரு நீதிமன்றம் மறித்ததை இன்னொரு நீதிமன்றம் தொடாது.

யூலிற்றா என்னோடு கதைப்பதில்லை. அயலட்டையோடு கதைக்கிறாள், எனக்குக் கேட்கும்படி கத்தி. “எங்கட கரைவலைச் சம்மாட்டியார் கனடா நீதவானைப் பிடிச்சு வள்ளத்தடியில கட்டிப்போட்டிட்டு வந்திருக்கிறார். ஆரும் அவிட்டு விட்டிடாதேங்கோ” என்று நேற்றுச் சொன்னாள். கரை முழுக்கச் சிரிப்பு. சிரிக்கட்டும்.

ம. லோறன்ஸ்


ஸ்காபரோ
19 மே 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உத்தரவின் பிரதியை என் சட்டத்தரணியிடம் கொடுத்தேன். அவா ஆறுதலாக இரண்டு தரம் வாசித்தா. சிரிக்கவில்லை.

உங்கள் நீதிமன்றத்தின் உத்தரவு ரொறொன்ரோ நீதிபதியைக் கட்டாதாம். அவர் நாளைக்கே தீர்ப்பு எழுதலாம். அது கட்டுவது என்னை மட்டும். நான் இங்கே வழக்கைத் தொடர்ந்தால் முல்லைத்தீவு நீதிமன்றத்தை அவமதித்தவள் ஆவேன். கனடாவில் இருக்கும்வரை ஒன்றும் நடக்காது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினால் நடக்கலாம். மார்கழியில் வருவேன் என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். அவாவுக்கு இப்போது கட்டிலை விட்டு இறங்க முடியாது. ஆகவே மாமா, நீங்கள் நீதிபதியைக் கட்டவில்லை. எனக்கும் வட்டக்கச்சிக்கும் நடுவில் வேலி அடைத்திருக்கிறீர்கள். கல்யாணம் செய்தால் அம்மாவைப் பார்க்க முடியாது. அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் கல்யாணம் இல்லை.

உங்கள் வழக்கை நிறுத்தும்படி இங்கேயும் ஒரு தடையுத்தரவு எடுக்கலாம் என்று சட்டத்தரணி சொன்னா. வேண்டாம் என்றேன். உங்கள் பெயருக்கு எதிராக என் பெயரில் ஒரு தடை இருக்க எனக்கு விருப்பம் இல்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். சாவு எங்கே, காட்டும் என்று கேட்டீர்கள். முதல் நாளே சட்டத்தரணி என்னிடம் கேட்டது இதுதான்: ஏன் விவாகரத்து? இவ்வளவு வருடம் தகவல் இல்லாதவரை இறந்தவர் என்று அறிவிக்கக் கேட்கலாமே. அது இதைவிடச் சுருக்கமான வழி. பிரதாபனும் கத்தோலிக்க வேதக்காரர். நான் விதவை என்று ஒரு கடதாசி வந்தால் இங்கத்தைய பங்குச் சுவாமி எங்களைக் கோவிலிலேயே கட்டிவைப்பார்.

நான் மறுத்தேன். ஏன் என்று அவா விடாமல் கேட்டா. நான் சொன்னேன்: என்னுடைய மாமியும் மாமாவும் றோட்டோரப் போராட்டப் பந்தலில் மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். எங்கள் பிள்ளை எங்கே என்று கேட்கிறார்கள். அவரை இறந்தவர் என்று சொல்லும் கடதாசி உலகத்தில் எங்காவது ஒன்று இருந்தால், யாராவது ஒருவர் அதைக் கொண்டுவந்து காட்டி அவர்களை எழும்பிப் போகச் சொல்வார்.

அதனால்தான் விவாகரத்துக் கேட்டேன். கோவிலில் கல்யாணம் இல்லை, நற்கருணையும் இல்லை என்று தெரிந்துதான் கேட்டேன். இதைச் சொல்லி உங்களிடம் பெயர் வாங்க எனக்கு எண்ணம் இருக்கவில்லை. நீங்கள் கேட்டபடியால் எழுதுகிறேன்.

நிறஞ்சனா


யே. ம. சூ.
அளம்பில்
22 யூன் 2025

நிறஞ்சனாவுக்கு,

உமது கடிதத்தை யூலிற்றாவுக்கு உரத்து வாசித்தேன். பந்தலைப் பற்றிய இடம் வந்ததும் அவள் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். அன்று பின்னேரம் தேத்தண்ணி வரவில்லை.

நீர் செய்தது சரியென்று சொல்ல மாட்டேன். ஒரு பிழையான வழியை விட்டு இன்னொரு பிழையான வழியால் போயிருக்கிறீர். இரண்டு வழியும் வேண்டாம் என்பதுதான் என் வாதம். காத்திருக்க வேண்டும். நாங்கள் காத்திருக்கவில்லையா?

அம்மாவின் விஷயம் எனக்குத் தெரியாது. வட்டக்கச்சிக்குப் போய் சுப்பம்மாவைப் பார்த்து வந்தேன். ஆள் மெலிந்துபோனா, வாய் மெலியவில்லை. என்னைக் கண்டதும், “சம்மந்தியார், என்ர பிள்ளைக்குப் போட்ட பூட்டுக்குத் திறப்புக் கொண்டு வந்தனீங்களோ?” என்று கேட்டா. கருவாடு கொண்டு வந்தேன் என்று சொன்னேன். வாங்கி வைத்துக்கொண்டா.

தவணைக்குப் போனேன். தடையுத்தரவை நீடிப்பதா இல்லையா என்று பார்க்கும் தவணை. உமக்காக ஒருவரும் தோன்றவில்லை. நீதிபதி வயது குறைந்தவர், மரியாதையாகப் பேசினார். என்னைக் கூட்டில் ஏற்றி வேதப் புத்தகத்தைத் தந்து சத்தியம் வாங்கினார்கள். உங்கள் மகன் உயிரோடு இருக்கிறார் என்றா சொல்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டார்.

“உயிரோட இல்லையெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, ஐயா.”

அவர் பேனையை வைத்துவிட்டு, தான் கேட்டது அது இல்லை என்றார்.

சத்தியம் செய்த வாயால் தெரியாததைச் சொல்ல முடியாது. அவர் பேனையைத் திரும்ப எடுத்தார். பிறகு உத்தரவைப் புரட்டாதி மாதத் தவணைவரை நீடித்தார். அன்றைக்கு முழு விசாரணை. நான் வெல்வேன்.

ம. லோறன்ஸ்


ஸ்காபரோ
20 யூலை 2025

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவைப் பார்க்கப் போனதற்கு நன்றி. கருவாடு நல்லதாம். ஆனால் கொண்டுவந்தவர் கூடாதாம். அம்மா சொன்னபடியே எழுதுகிறேன்.

நீங்கள் கரைப் பாட்டின் முறையைப் பற்றி எழுதினீர்கள். நான் வயல் ஊரில் பிறந்தவள், வலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து எழுதினீர்கள். அந்த முறைகளில் ஒன்று எனக்கும் தெரியும். நீங்களே காட்டித் தந்தது.

நான் கல்யாணம் முடித்து வந்த முதல் மாரியில் ஜெயரூபி அக்காவின் புருசன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உங்கள் வலையில் பங்குக்கு இழுத்த மனுசன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறை வலையின் மடியைக் கரையில் கொட்டும்போதும் நீங்கள் அவருக்கு ஒரு பங்கு மீனைத் தனிக்குவியலாகப் போடுவித்தீர்கள். உங்கள் அப்பா காலத்திலிருந்து உங்கள் பாட்டில் அதுதான் வழக்கம் என்று மாமி சொன்னா. வராதவனின் பங்கு அவன் வீட்டுக்குப் போகும், அவனுடைய பெண்சாதி போதும் என்று சொல்லும்வரை.

நெடுநாள் கழித்து ஒருநாள் நீங்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஜெயரூபி அக்காவின் வேலிப் படலையடிக்குப் போனீர்கள். மாமியோடு நானும் நின்றேன். பங்கு போடுவதா, நிற்பாட்டுவதா என்று கேட்டீர்கள். அவா பதில் சொல்லும் முன் அவாவின் மாமனார் குறுக்கே வந்து, போடவேணும், என்ர பிள்ளை வருவான் என்று அழுதார். நீங்கள் அவருடைய தோளில் கை வைத்து ஒன்று சொன்னீர்கள். எனக்கு இப்போதும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது.

“அண்ணை, இது உம்மட வாயிலயிருந்து வாற சொல் இல்லை. அவள்தான் சொல்லவேணும். நாங்கள் கேட்டுக்கொண்டு நிக்கவேணும்.”

மாமா, நீங்கள் முல்லைத்தீவு நீதிமன்றத்துக்குப் போய்விட்டீர்கள். ஆணைக்குழுக்களுக்குப் போய்விட்டீர்கள். ரொறொன்ரோ நீதிமன்றத்துக்கும் கை நீட்டிவிட்டீர்கள். உங்கள் சொந்தக் கரையில் இருக்கும் சட்டத்தை மட்டும் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

என்னிடம் ஒருவரும் இன்னும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

நிறஞ்சனா


அளம்பில்
17 ஓகஸ்ட் 2025

நிறஞ்சனாவுக்கு,

என் சொல்லை எடுத்து எனக்கே வீசுகிறீர். கெட்டிக்காரி. உம்மைச் சட்டம் படிப்பித்திருக்க வேண்டும்.

ஆனால் பிழையான இடத்தில் வீசுகிறீர். அந்த முறை கடலுக்கு உரியது. கடல் ஒருவனை எடுத்தால் அதற்கு யாரும் பொறுப்பில்லை. கடலிடம் போய்க் கணக்குக் கேட்க முடியாது. ஆகவே பெண்சாதி போதும் என்றால் போதும்தான், அதோடு முடிந்தது. என் மகனைக் கடல் எடுக்கவில்லை. அன்றைக்குக் காற்றும் இல்லை, அலையும் இல்லை. பட்டப்பகலில், மனிதர்கள் வரிசையில் நிற்கச் சொல்லி, பெயர் எழுதி, பஸ்சில் ஏற்றினார்கள். பெயர் எழுதினவனுக்குக் கை இருந்தது, அதில் பேனை இருந்தது. அவனுக்கு எல்லாம் தெரியும். அவன் எங்கேயோ பென்சன் எடுத்துக்கொண்டு இருக்கிறான்.

நான் போதும் என்றால் அவனுக்குத்தான் நிம்மதி. நீர் போதும் என்றாலும் அவனுக்குத்தான் நிம்மதி. முதலில் பெண்சாதி விட்டாள், பிறகு தாய் தகப்பன் செத்தார்கள், இனிக் கேட்க ஆளில்லை என்று இருப்பான். நான் வழக்குப் போட்டது உம்மை மறிக்க மட்டும் இல்லை. இந்தப் பெயர் ஏதோ ஒரு நீதிமன்றத்தின் மேசையில் கிடந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக.

யூலிற்றா வாசலில் நின்று இதையெல்லாம் நான் எழுதும்போது பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். “அவன் பேர் மேசையில கிடக்கிறதுக்கு அந்தப் பிள்ளையையும் ஏன் பக்கத்தில கிடத்துறீங்கள்?” என்று கேட்டுவிட்டுப் போனாள். பல மாதத்துக்குப் பிறகு என்னோடு கதைத்த கதை இது.

இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அவளுக்குச் சொல்லவில்லை.

நான் உம்மிடம் கேட்க மாட்டேன். கேட்டால் நீர் என்ன சொல்வீர் என்று எனக்குத் தெரியும்.

ம. லோறன்ஸ்


ஸ்காபரோ
6 செப்ரெம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் கேட்கவில்லை. ஆகவே கேட்காமலே சொல்கிறேன்.

பெயர் எழுதியவனைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. அவன் நிம்மதியாக இருக்கக் கூடாது என்பதில் எனக்கும் உங்களுக்கும் வழக்கு இல்லை. ஆனால் ரொறொன்ரோ நீதிமன்றம் முறிக்கப்போவது ஒன்றை மட்டும்தான். புருசன் பெண்சாதி என்பது எழுதிச் சேர்த்தது, எழுதிப் பிரிக்கலாம். தகப்பன் மகன் என்பதைப் பிரிக்க எந்த நாட்டு நீதிமன்றத்துக்கும் வழி இல்லை. அப்படியொரு வழக்கே உலகத்தில் இல்லை. தீர்ப்பு வந்த அடுத்த நாளும் நீங்கள் லோறன்ஸ் அனிஸ்ரனின் தகப்பன்தான். சான்றிதழ் உங்கள் கையில்தான் இருக்கும். பந்தலில் உங்கள் இடம் இருக்கும். அவர் காணாமற்போனவராகவே இருப்பார். உங்கள் கேள்வியில் ஒரு சொல்லும் குறையாது.

குறைவது நான் மட்டும். எங்காவது சாட்சி கேட்டால் நான் வருவேன். அன்று அந்த வரிசையில் அவரைக் கடைசியாகப் பார்த்தவள் என்று எந்தக் கூட்டிலும் ஏறிச் சொல்வேன். அதற்கு மனைவியாக இருக்கத் தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

ஆனால் அவருடைய மனைவியாகக் காத்திருந்தது போதும், மாமா.

இதை நான் படலையடியில் நின்று சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் போட்ட தடையால் வர முடியவில்லை.

நிறஞ்சனா


யே. ம. சூ.
அளம்பில்
28 செப்ரெம்பர் 2025

பிள்ளை நிறஞ்சனாவுக்கு,

தவணை போன வியாழக்கிழமை. நான் போகவில்லை.

நான் வழக்கைத் திரும்பப் பெற்றேன் என்று நீ ஒருவருக்கும் சொல்லக் கூடாது. நான் ஒரு வழக்கையும் என் சீவியத்தில் திரும்பப் பெற்றதில்லை. இதையும் பெறவில்லை. அன்றைக்கு விடிய எங்கள் பாட்டில் எங்களுடைய முறை. நீர்வாடு வலைக்குத் தோதாக ஓடியது. வலைக்குச் சொந்தக்காரனான சம்மாட்டி இல்லாமல் வளைக்க முடியாது. ஆகவே கடலுக்குப் போனேன். சூடை மீன்தான் பட்டது, வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

பின்னேரம் சுமித்திரா பிள்ளை ஓட்டோ பிடித்து வந்து படலையில் நின்று என்னை ஏசினா. மாதக்கணக்காகத் தன் வாங்கைத் தேய்த்துவிட்டு, விசாரணை நாளில் மீன் பிடிக்கப் போன வழக்காளியைத் தான் கண்டதில்லையாம். அவாவுக்கு யூலிற்றா தேத்தண்ணி கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள்.

என்ன நடந்தது என்று விபரமாகச் சொல்லச் சொன்னேன். காதுக்குக் கிட்ட வந்து சொன்னா. வழக்கை எடுத்ததும் நீதிபதி வழக்காளி எங்கே என்று கேட்டார். சேவகர் வாசலுக்கு வந்து மரியதாஸ் லோறன்ஸ் என்று மூன்று முறை உரத்துக் கூப்பிட்டார். மரத்தடியில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. ஒருவரும் வரவில்லை. நீதிபதி கொஞ்சம் பொறுத்துவிட்டு, அழைக்கப்பட்டார், வரவில்லை என்று எழுதினார். வழக்குத் தள்ளுபடி. தடையுத்தரவும் அதோடு போனது. இனி உன்னை மறிக்க இங்கே ஒரு கடதாசியும் இல்லை. அம்மாவிடம் மார்கழியில் வரலாம். யூலிற்றா உன்னை இஞ்சையும் வரச் சொல்லி எழுதச் சொல்கிறாள். அது அவள் சொன்னது.

உன் கல்யாணத்துக்கு நான் வாழ்த்து எழுத மாட்டேன். அதை என்னிடம் எதிர்பார்க்காதே. அந்தப் பெடியனைப் பற்றி எனக்குக் குறையும் இல்லை.

ஒன்று மட்டும் செய்ய வேண்டும். ரொறொன்ரோ நீதிமன்றத்தில் வழக்கு எடுக்கும் நாளில் நீ நேரில் போ. சட்டத்தரணியை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இராதே. அங்கேயும் அவனுடைய பெயரைக் கூப்பிடுவார்களாக இருக்கும். கூப்பிடாவிட்டால் கூப்பிடச் சொல். தகப்பன் பெயரும் சேர்த்து முழுப் பெயராக, பிழையில்லாமல் கூப்பிட வேண்டும். அவர்களுடைய வாய்க்கு வராவிட்டால் நீ சொல்லிக் கொடு. கூப்பிட்ட பிறகு உடனே எழுத விடாதே. வாசலைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நில்.

பிறகு, அவன் வரவில்லை என்று எழுதட்டும். அது உண்மை. அதற்கு மேல் அவனைப் பற்றி ஒரு சொல்லும் எழுத விடாதே.

மாமா
ம. லோறன்ஸ்